திருத்தம்

இரும்பு போதும் என்று எழுதினேன்.
பதினோரு பக்கம், இருபத்து மூன்று உதாரணங்கள்,
தொண்ணூற்றிரண்டு சதவீத விளைச்சல்.
விளைச்சல் என்ற சொல்லை மன்னார்குடியில்
கூச்சமில்லாமல் சொல்ல முடியாது.
ஜன்னலுக்கு வெளியே
மாவுக்கு எத்தனை மூட்டை என்று பேச்சு போகும்.
என்னுடையது முந்நூறு மில்லிகிராம்.

பல்லேடியத்துக்குக் காசில்லாத கல்லூரி.
மேட்டூர் திறந்த சில நாளில்
எங்கள் குழாயிலும் கலங்கல் வரும்.
குளிர்விப்பானுக்கு மீன்தொட்டி மோட்டார்.
ஐஸ் அதிராம்பட்டினம் பஸ்ஸில் வரும்,
கட்டிக்குள் ஒன்றிரண்டு செதிலோடு.
கரண்ட் போனால் வெற்றிடமும் போகும்.

அதனால்தான் இரும்பு.
கட்டுரையில் அப்படிச் சொல்ல முடியுமா?
மலிவானது, நஞ்சற்றது,
பூமியில் நிறையக் கிடைப்பது என்றேன்.
நைட்ரஜனையும் வளையத்துக் கார்பனையும்
அது முடிச்சுப் போட்டுவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் விலகிக்கொள்கிறது
என்று அம்புக்குறிகளோடு ஒரு படமும் வரைந்தேன்.
அழகான படம். இப்போதும் அழகுதான்.

கோபன்ஹேகனிலிருந்து நாலு வரி:
ஆறு முறை வைத்தோம், நடக்கவில்லை,
உங்கள் இரும்பின் தூய்மை என்ன?

அவன் கையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
ஆக உயர்ந்த தூய்மையில் இரும்பு வரவழைத்து
வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று.
அன்றைக்கு கேன்டீனில் இரண்டு பஜ்ஜி.

சனிக்கிழமை ஹபீபா வந்து நின்றாள்.
"இரும்பு போடாம ஒண்ணு வச்சேன் மேடம்."
புறஊதா விளக்கடியில் அதே உயரத்தில்
அதே புள்ளி.
எண்பத்தொன்பது.

பதினாலு மாதம்.
கரைப்பானை மாற்றினோம், குடுவையை மாற்றினோம்,
கலக்கும் காந்தத்தை ராஜதிராவகத்தில் ஊறவைத்தோம்.
குறுவை அறுத்தார்கள், சம்பா நட்டார்கள்,
கார்த்திகை மழையில் கீழ்த்தள சோதனைக்கூடத்தில்
முழங்கால் தண்ணீர்.
கடைசியில் மிச்சமிருந்தது கார்பனேட்.
புது பாட்டிலை உடைத்து நேரே போட்டோம்:
போட்டது போட்டபடி கிடந்தது.

"வறுக்காமலா போட்டீங்க?" என்றார் வைரக்கண்ணு,
பக்கெட்டும் கையுமாக.

எட்டு வருஷத்துக்கு முன் பீங்கான் கிண்ணம் உடைந்தது.
மூன்று தரம் எழுதிக் கொடுத்தும்
ஆபீஸ் வாய் திறக்கவில்லை.
மகள் சீருக்குக் கும்பகோணத்தில் வாங்கி
விளிம்பு நசுங்கியதால் ஒதுக்கிவைத்த
பித்தளைத் தாம்பாளத்தை
அவரே கொண்டுவந்து அடுப்பில் வைத்திருக்கிறார்.
வாரத்துக்கு ஒரு ராத்திரி,
ஈரம் போகிறவரைக்கும்.

பித்தளை என்றால் செம்பு.
பத்து லட்சத்தில் நாற்பது பங்கு.
அவ்வளவுதான் இருந்தது.
இருபத்து மூன்று உதாரணத்தையும் அதுதான் செய்தது.

வேலை போய்விடும் என்று நினைத்திருக்கிறார்.
அமில அலமாரிக்குப் பின்னால் ஒளித்ததை
நான்தான் எடுத்து எடைபோட்டேன்,
எதற்கென்று தெரியாமல்.
வினையூக்கி போனது போலவே திரும்பி வரும்
என்று இருபத்தாறு வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன்.
தட்டின் நடுவில்
ஒரு சாண் அகலத்துக்கு நிறம் மாறியிருந்தது.

"எழுதாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?
அடுத்த மாசம் மதிப்பீட்டுக் குழு வருது" என்றார் முதல்வர்.
கெட்ட மனிதர் இல்லை.
எழுதினேன்.
தலைப்பிலிருந்து இரும்பை எடுத்தேன்,
அம்புக்குறிகளை எடுத்தேன்,
கார்பனேட்டை உலர்த்தியவர் எஸ். வைரக்கண்ணு என்று சேர்த்தேன்.

இதழிலிருந்து கேட்டார்கள்:
தட்டின் தயாரிப்பாளர் யார், எண் என்ன?
கும்பகோணம், கடைத்தெரு, என்று பதில் போட்டேன்.
ரசீது இல்லை.

அச்சானதும் வைரக்கண்ணு கண்ணாடி போட்டுப் பார்த்தார்.
இனிஷியல் சரி என்றார்.
பிறகு, தாம்பாளம் இனிமே வேணுமா என்று கேட்டார்.

இன்னும் கொடுக்கவில்லை.